கைவிடப்பட்ட குவாரிச் சுவரில் எத்தனை லாவா ஓட்டம்? நான் எண்ணியது 5, கைடு சொல்வது 2

குவாரிக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை புவியியல், கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மலைச்சரிவில் இருக்கிற மூன்று பழைய கல்குவாரிகளை எடுத்திருக்கிறேன், மூன்றிலும் வேலை நின்று பல வருஷம் ஆகிறது, செடி முளைத்துக் கிடக்கிறது. முழுக்க பசால்ட், அதாவது லாவா ஆறி இறுகின கருங்கல். பெரிய குவாரியின் சுவர் சுமார் 22 மீட்டர், நடுவில் ஒரு படி விட்டு இரண்டு தட்டாக வெட்டியிருக்கிறார்கள்.

கீழிருந்து மேலே நான் பார்த்தது இது. தரையிலிருந்து 6 மீட்டர் வரை கெட்டியான கருப்புப் பாறை, நல்ல தடித்த தூண் தூணாகப் பிளந்திருக்கிறது. 6லிருந்து 9 வரையும் கெட்டிதான், ஆனால் தூண்கள் மெல்லிசாகி, கண்டபடி வளைந்து, விசிறி மாதிரி விரிகின்றன, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை இருக்கிறது. 9லிருந்து 14 வரை ஒரே ஓட்டை, குமிழ்த்துளைகள் வரி வரியாக, சிலதில் வெள்ளையாக ஏதோ நிரம்பியிருக்கிறது. 14இல் ஒரு முழம் அளவுக்குச் செங்கல் நிறப் பட்டை. அதற்கு மேல் உடைசல் கல், பிறகு கெட்டிப் பாறை, உச்சியில் மறுபடி உடைசல்.

நிறமும் தோற்றமும் மாறுகிற இடத்திலெல்லாம் கோடு போட்டேன், 5 ஓட்டம் வந்தது. கைடு ஃபோட்டோவை அரை நிமிஷம் பார்த்துவிட்டு "2, திரும்பப் போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. இன்னொரு குழப்பம், அடுத்த குவாரி 300 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, அதே உயரத்தில் அங்கே சிவப்புப் பட்டையே இல்லை. திசைகாட்டியும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு எண் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?


பழையசுத்தியல் எழுதியது:

தம்பி, உன் கைடு சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டது அவர் தப்பு. நீ எண்ணியது ஓட்டங்களை இல்லை, ஒரே ஓட்டம் ஆறும்போது அதற்குள்ளே உண்டாகிற மாடிகளை.

முதலில் அந்த 6 மீட்டர் கோடு. ஒரு தடித்த லாவா ஓட்டம் கீழிருந்தும் ஆறும், மேலிருந்தும் ஆறும். கீழே தரை மட்டும்தான் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் மெதுவாக, ஒழுங்காக ஆறும், தடித்த நேர்த்தூண்கள் மேல்நோக்கி வளரும். மேலே மழை, ஓடைத்தண்ணீர் எல்லாம் விரிசல் வழியாக இறங்கும், அங்கே வேகமாக ஆறும், வேகமாக ஆறினால் தூண் மெலிந்துபோகும், தண்ணீர் இறங்கின வழிக்கு ஏற்றபடி திசையும் கோணலாகும். இரண்டு அணியும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு விழும். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாக இரண்டு ஓட்டம் என்றுதான் தோன்றும், நானே முதல் வருஷத்தில் அப்படி ஏமாந்து ஒரு வரைபடம் முழுக்கத் தப்பாக வரைந்தவன்.

எப்படிப் பிரித்தறிவது? அந்தக் கோட்டுக்குப் போய்க் கையை வை. கோட்டுக்குக் கீழேயும் கெட்டி, மேலேயும் கெட்டி, நடுவில் ஒரு குமிழ்கூட இல்லை, கண்ணாடி மாதிரிக் கருகின மெல்லிய தோல் இல்லை, மண் இல்லை, உடைசல் இல்லை என்றால் அது எல்லையே இல்லை. வாயு மேலேதான் ஏறும், ஆகவே எந்த ஓட்டத்துக்கும் உச்சி ஓட்டையாக இருக்கும், அடி கெட்டியாக இருக்கும், அந்த அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குமிழ் மாட்டியிருக்கும். ஆக உண்மையான எல்லையில் கோட்டுக்குக் கீழே ஓட்டைப் பாறை, கோட்டுக்கு மேலே விறுக்கென்று ஆறினதால் கனிம மணிகள் மிகச் சின்னதாக நின்றுபோன நுண்மணிப் பாறை. உன் விவரிப்பில் அப்படி ஒன்று 14 மீட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

9லிருந்து 14 வரை இருக்கிற ஓட்டைப் பகுதி தனி ஓட்டம் இல்லை, கீழே இருக்கிற கெட்டிப் பாறையின் மேலோடு. லாவா மெல்லிசாக வந்து, மேலே தோல் கட்டி, அந்தத் தோலுக்குக் கீழே புதுக் குழம்பு ஏறி ஏறி, தோசை மாவு பொங்குகிற மாதிரி மொத்தமும் உப்பும். உப்ப உப்ப மேலோடு கீழ்நோக்கித் தடிக்கும், உள்ளே அழுத்தம் கூடிக் குறையும்போதெல்லாம் குமிழ் ஒரு வரியாகச் சிக்கிக்கொள்ளும். நீ பார்த்த வரிகள் அதுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஹவாயில் கிலாவேயா எரிமலையின் ஓட்டங்களில் நேரடியாக அளந்து 1994இல் எழுதினார்கள்: மேலோட்டின் தடிமனை மீட்டரில் எடு, அதன் வர்க்கத்தை 164.8ஆல் பெருக்கு, அத்தனை மணி நேரம் அது ஆறியிருக்கிறது. உன் மேலோடு 5 மீட்டர். 25ஐ 164.8ஆல் பெருக்கினால் 4120 மணி, கிட்டத்தட்ட 172 நாள். அதாவது நீ மூன்று ஓட்டம் என்று எண்ணிய அந்த 14 மீட்டர், ஐந்தரை மாதத்துக்கு மேல் உள்ளுக்குள் குழம்பு ஓடிக்கொண்டே இருந்த ஒரே ஓட்டம். மழை அதிகம் இறங்கியிருந்தால் ஆறுவது வேகமாகும், அப்போது இந்த எண் குறையும், ஆகவே இதை உத்தேசமாக மட்டும் எழுது.

மேலே உடைசல், கெட்டி, உடைசல் என்று சொல்கிறாயே, அது ஆஆ என்கிற லாவா வகை. அந்த வகை ஓடும்போது மேல்தோல் நொறுங்கி முன்னால் சரிந்து விழும், விழுந்ததன் மேலேயே ஓட்டம் ஏறிப் போகும், அதனால் அடியிலும் உடைசல், மேலேயும் உடைசல். மூன்றும் சேர்ந்து ஒன்று. கீழே ஒன்று, மேலே ஒன்று, மொத்தம் 2.


வெடிகுழி எழுதியது:

நான் புவியியல்காரன் இல்லை, குவாரிகளில் துளை போட்டு வெடி வைக்கிற வேலையை மேற்பார்த்தவன், பல வருஷம். கல்லைப் பற்றிப் பழையசுத்தியல் சொல்லட்டும், சுவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

அந்தச் சுவர் இயற்கை உங்களுக்குக் காட்டுகிற பக்கம் இல்லை, வெடி காட்டுகிற பக்கம். பக்கத்தில் போனால் மேலிருந்து கீழாக நேராக ஓடுகிற அரைவட்டப் பள்ளங்கள் தெரியும், ஒரு குழாயை நீளவாக்கில் பிளந்து ஒட்டின மாதிரி, அதெல்லாம் துளைபோட்ட தடம். அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரிக் கிளம்புகிற விரிசல்கள் வெடியால் வந்தவை. அவற்றின் முகம் புதிதாக, கூராக இருக்கும், ஒன்றும் படிந்திருக்காது. பாறை ஆறும்போது வந்த விரிசலில் பழுப்புக் கறையோ வெள்ளைக் கனிமமோ களிமண்ணோ ஏதாவது ஒரு பூச்சு இருக்கும். விரிசல் அளக்க வந்த மாணவர்கள் இரண்டையும் சேர்த்து எண்ணி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, குவாரி ஏன் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டைக் கல் ஜல்லிக்கு ஆகாது, நசுங்கிவிடும். சிவப்பு மண் வந்தால் ஜல்லியோடு கலந்து சரக்கையே கெடுக்கும். அதனால் கெட்டிக் கல் இருக்கிற வரை வெட்டுவோம், மண்ணும் ஓட்டையும் வந்தால் அங்கே ஒரு படி விடுவோம், இல்லையென்றால் கடையைக் கட்டுவோம். உங்கள் நடுப்படி அந்தச் செங்கல் பட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் பாதுகாப்பு, இதைச் சொல்லாமல் விடமாட்டேன். கைவிட்ட குவாரியில் சுவரை யாரும் தட்டிப் பார்த்துத் தளர்ந்த கல்லை இறக்குவதில்லை. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். தூண் தூணாகப் பிளந்த பாறை அடியில் ஆதரவு போனால் முழுத்தூணாகவே சரியும், சத்தம் கேட்டு ஓட நேரம் இருக்காது. சுவரின் உயரம் எவ்வளவோ குறைந்தபட்சம் அவ்வளவு தூரம் தள்ளி நின்று முதலில் முழுவதையும் பாருங்கள், தொட்டே ஆகவேண்டிய இடத்துக்கு மட்டும் கிட்டே போங்கள், ஒருவர் தள்ளி நின்று மேலே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். துளைக்குள் கம்பியோ குழலோ நீட்டிக்கொண்டிருந்தால் தொடவே கூடாது, வெடிக்காமல் நின்ற மருந்து பல வருஷம் கழித்தும் உள்ளே இருக்கலாம். தேங்கின தண்ணீர்க் குழியில் விளிம்பு செங்குத்து, ஆழம் தெரியாது, கால் வைக்காதீர்கள்.


காந்தஊசி எழுதியது:

திசைகாட்டி விஷயம் யாரும் தொடவில்லை. பசால்ட்டில் மேக்னடைட் என்கிற காந்தத்தன்மை உள்ள இரும்புக் கனிமம் இருக்கிறது, சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தால் ஊசி பாறையைத்தான் பார்க்கும், வடக்கைப் பார்க்காது. மின்னல் அடித்த இடத்தில் இன்னும் மோசம், ஒரு அடி நகர்ந்தால் எண் தலைகீழாகும். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வந்து, தூரத்தில் தெரிகிற ஒரு நிலையான புள்ளிக்குக் கோணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சுவரின் போக்கை அதிலிருந்து அளந்து எடுக்கலாம். காந்த ஆய்வுக்கு மாதிரி எடுப்பவர்கள் வெயில் நிழலை வைத்தே திசை குறிப்பது இதனால்தான்.

சிவப்புப் பட்டையில் பழையசுத்தியலோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. அது ஓட்ட எல்லை, சரி. ஆனால் சிவப்பு என்றாலே பழைய மண், அதனால் நீண்ட இடைவெளி என்று தாவிவிடக்கூடாது. தக்காணப் பசால்ட் அடுக்குகளுக்கு நடுவே இப்படிப்பட்ட சிவப்புப் பட்டைகள் எத்தனையோ, அத்தனையும் ஒரே வகை இல்லை. பட்டையிலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். மண் மெதுவாகப் பாறைத் துண்டாகி, நடுவில் உருண்டை உருண்டையாக வெங்காயத்தோல் மாதிரி உரிகிற கல் வந்து, அதற்குக் கீழே நல்ல பாறை என்று படிப்படியாக மாறினால் அது அந்த இடத்திலேயே சிதைந்து உண்டான மண், அதற்குக் காலம் பிடித்திருக்கும். அடிப்பக்கம் கத்தி வெட்டின மாதிரி இருந்து, உள்ளே மெல்லிய அடுக்குகள் தெரிந்தால் எரிமலைச் சாம்பலோ தண்ணீர் கொண்டுவந்த வண்டலோ ஆகலாம், அது சில நாளில்கூடப் படிந்திருக்கலாம். மேல் விளிம்பில் மட்டும் சிவப்பு தூக்கலாக, கடினமாக இருந்தால் அது மேலே வந்த ஓட்டம் சுட்ட சூளைக்கல்.

அந்தச் சுட்ட மண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1906இல் பெர்னார் ப்ரூன் பிரான்சில் போன்ஃபாரன் என்ற இடத்தில் எரிமலைப் பாறையையும் அதற்கு அடியில் சுட்டுப்போன களிமண்ணையும் அளந்தபோது இரண்டின் காந்தமும் இன்றைய திசைக்கு நேர் எதிராக இருந்தது. இரண்டு வேறு பொருள், ஒரே எதிர்த்திசை. ஆகவே கோளாறு பாறையில் இல்லை, பூமியின் காந்தப்புலமே அப்போது தலைகீழாக இருந்தது என்று அவர் எழுதினார். இப்போதைய நேர்த்திசைக் காலம், ஏறக்குறைய 7.8 லட்சம் ஆண்டாக ஓடுகிறது, அதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் இரண்டு ஓட்டத்தின் காந்தமும் எதிரெதிர்த் திசையில் வந்தால் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டும் ஒரே திசை என்றால் அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது.


குவாரிக்குருவி எழுதியது:

பழையசுத்தியல் சார், முதலில் ஒன்று, தம்பி இல்லை, தங்கச்சி. :)

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விட்டு வந்தேன், வகுப்புத்தோழி ஒருத்தியைத் தள்ளி நிற்கவைத்து. வெடிகுழி சார் சொன்னபடி நடுப்படி அச்சாகப் பட்டைக்கு மேலேதான் இருக்கிறது, பட்டைக்கும் படிக்கும் நடுவில் அரை மீட்டர்கூட இல்லை. இத்தனை நாள் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

6 மீட்டர் கோட்டைத் தொடமுடியவில்லை, உயரம். ஆனால் குவாரியின் கிழக்கு மூலையில் பாதை சரிந்து ஏறுகிறது, அங்கே அதே கோடு நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. லென்ஸ் வைத்துக் கையளவு அகலத்துக்கு மேலும் கீழும் பார்த்தேன், மணியின் அளவுகூட மாறவில்லை, ஒரு குமிழ் இல்லை. ஒரு தடித்த தூணின் தலையில் நாலைந்து மெல்லிய தூண் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் பாறை தொடர்ச்சியாகவே ஓடுகிறது, நகத்தைக் கொண்டு தடவினால்கூட ஒன்றும் தட்டவில்லை. அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். அங்கே தண்ணீர் கசிந்து கறை படிந்திருப்பதால்தான் ஃபோட்டோவில் அவ்வளவு கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

வடிகால் பள்ளத்தில் கீழ் ஓட்டத்தின் அடி கிடைத்தது! பென்சில் தடிமனில் குழாய்க் குமிழ்கள், ஒரு விரல் நீளம், சிலது இரண்டாகத் தொடங்கி மேலே ஒன்றாகச் சேர்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. இதை வைத்து லாவா ஓடின திசை சொல்லலாமா?

சிவப்புப் பட்டையின் அடி படிப்படியாகத்தான் மாறுகிறது, உருண்டைக் கற்கள் இருக்கின்றன, மேல் நாலு விரல் சூளைச் செங்கல் மாதிரி கடினம். ஆனால் இரண்டாவது குவாரிதான் இன்னும் புரியவில்லை. அங்கே பட்டை இல்லை, அதே மட்டத்தில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தடிமனில் தலையணை அடுக்கின மாதிரி மூன்று நான்கு மேடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கண்ணாடித் தோல், உச்சியில் கயிறு முறுக்கின மாதிரி மடிப்பு. நீங்கள் சொன்ன எல்லைச் சோதனைப்படியும் இங்கே 5 வருகிறதே?


பழையசுத்தியல் எழுதியது:

சரிம்மா, மன்னித்துக்கொள்.

மேல்நோக்கிச் சேருகிற குழாய்கள் என்றால் அடி அதுதான், சந்தேகமில்லை. சாய்வு உண்மைதான், மேல்முனை சாய்கிற பக்கம் குழம்பு நகர்ந்த பக்கம், ஆனால் அது அந்த இடத்தில், அந்த நேரத்தில் நகர்ந்த திசை. ஒரு பள்ளத்தில் பார்த்ததை வைத்து அம்புக்குறி போடாதே. 20, 30 குழாயாவது அள, மூன்று குவாரியிலும் அள, சிதறாமல் ஒரு பக்கமே காட்டினால் எழுது.

இரண்டாவது குவாரியில் நீ பார்ப்பது மடல்கள். கயிற்று மடிப்பு பாஹோஎஹோ என்கிற லாவா வகைக்கே உரியது. அந்த வகை ஒரே பாயாக ஓடாது, விரல் விரலாக நீட்டும், ஒரு விரல் ஆறித் தோல் கட்டும், அதன் மூக்கு வெடித்து அடுத்த விரல் வழியும், சில மணி நேரத்தில் அதன் மேலேயே இன்னொன்று ஏறும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தோல் இருக்கும், குமிழ் உச்சி இருக்கும், நான் முதலில் சொன்ன எல்லைச் சோதனையில் எல்லாமே தேறிவிடும். அந்தச் சோதனையை நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், என் தப்பு. மடல் எல்லை வேறு, ஓட்ட எல்லை வேறு. மடல்களுக்கு நடுவில் காலம் போன அடையாளம் இருக்காது, மண் இருக்காது, சிதைவு இருக்காது. சில இடத்தில் மேல்மடலின் அடி கீழ்மடலின் தோலில் இன்னும் இளகிய நிலையில் அழுந்தி ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தேடிப் பார். லாக்கில், அதாவது சுவரைக் கீழிருந்து மேலே அடுக்கடுக்காக வரைகிற படத்தில், மடல்களையும் வரை, ஆனால் மெல்லிய கோட்டில், எண்ணிக்கையில் சேர்க்காமல்.

உன் பெரிய குவாரியில் 14 மீட்டருக்கு உப்பிய ஓட்டம் 300 மீட்டர் தள்ளி விளிம்புக்கு வந்து மடல்களாகச் சிதறியிருக்கலாம். அதை நிரூபிக்கச் சுவரைப் பார்த்தால் போதாது, இரண்டு குவாரிக்கும் நடுவில் உள்ள சரிவில் நடக்கவேண்டும். ஓடை வெட்டு, பாதை வெட்டு, மரவேர் தூக்கின மண், எது கிடைத்தாலும் பார். எல்லைக் கோட்டைக் காலால் பின்தொடர்ந்து போவதுதான் இந்த வேலையில் பாதி.


வெடிகுழி எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். மேலே இருப்பது ஓட்டமாகத்தான் இருக்கவேண்டுமா, இரண்டு அடுக்குக்கு நடுவில் பிறகு ஊடுருவின பாறையாக இருக்காதா? எங்கள் குவாரி ஒன்றில் அப்படி ஒன்று வந்து, கல் கெட்டி என்று சந்தோஷமாக வெட்டினோம்.


காந்தஊசி எழுதியது:

நல்ல கேள்வி. ஊடுருவல் என்றால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் சுட்டிருக்கும், மேல் விளிம்பும் விறுக்கென்று ஆறி நுண்மணியாக இருக்கும். இங்கே உச்சியில் உடைசல் இருக்கிறது, அது திறந்தவெளியில் ஓடினால்தான் வரும். ஓட்டம்தான்.


குவாரிக்குருவி எழுதியது:

அப்படியானால் பட்டை இல்லாத இடத்துக்குக் காரணம்? மேல் ஓட்டம் வருவதற்கு முன்பே மண் அரித்துப் போயிருக்குமா? அப்புறம் மாதிரி எடுக்க என்ன அளவு, எங்கிருந்து?


காந்தஊசி எழுதியது:

அரித்தும் போயிருக்கலாம், மேட்டில் மண் உண்டாகாமலும் இருந்திருக்கலாம். உங்கள் இரண்டாவது குவாரி மடல்களால் மேடாக இருந்து, பெரிய குவாரி பள்ளமாக இருந்தால் மண் இறங்கிப் பள்ளத்தில் சேர்ந்திருக்கும். இரண்டு இடத்திலும் ஓட்ட எல்லையின் உயரத்தைச் சரியாக எடுங்கள், ஃபோனில் காட்டுகிற உயரத்தை நம்பாதீர்கள், மட்டம் வைத்து எடுங்கள்.

மாதிரி கைமுட்டி அளவு போதும். கெட்டிப் பகுதியின் நடுவிலிருந்து, குமிழ் நிரம்பின வெள்ளைக் கனிமம் இல்லாத துண்டாக. பழுப்புத் தோலை அங்கேயே உடைத்துப் போட்டுவிட்டு உள்கல்லை மட்டும் எடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதி தோல்தான் மிஞ்சும். எண்ணைக் கல்லிலும் எழுதுங்கள், பையிலும் எழுதுங்கள், எடுத்த குழியை ஃபோட்டோ எடுங்கள். நுண்ணோக்கிக்கு 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்க்கும்போது சிதைந்த ஆலிவின் கனிமம் எல்லாம் செம்பழுப்பாக வந்து வெறுப்பேற்றும், அப்போது நல்ல கல் எடுக்காததை நினைத்து வருத்தப்பட்டுப் பயனில்லை.


வெடிகுழி எழுதியது:

தரையில் கிடக்கிற கல்லில் எடுக்காதீர்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினதும் அங்கே கிடக்கும், பாதைக்கு மேடு போட நாங்களே கொட்டுவோம்.


பழையசுத்தியல் எழுதியது:

வெள்ளைக் கனிமத்தின் ஆசையில் ஓட்டைப் பகுதிக்கு அடியில் உளி வைத்து நிற்காதே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜியோலைட் அழகுதான், அதற்காகத் தலையைக் கொடுக்கவேண்டாம். மேல் ஓட்டத்துக்கு அந்தக் கிழக்கு மூலைப் பாதை வழியாகவே ஏறி எடு. மூன்றாவது குவாரியைப் பற்றி நீ இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லையே, அங்கே எல்லை எந்த உயரத்தில் இருக்கிறது?